கட்டுமரமும் கேட்டமரானும்

ஆங்கிலத்துக்குத் தமிழ் வழங்கிய கொடைகளைப் பட்டியலிடாத மேடை நம் நாட்டில் அரிது. பள்ளி ஆண்டுவிழா ஆனாலும் இலக்கிய மன்றத் தொடக்கவிழா ஆனாலும், சொற்பொழிவாளர் 'கறி'யில் தொடங்குவார், 'சுருட்டு'க்கு வருவார், 'மிளகுத்தண்ணீர்' ஆங்கிலேயரின் உணவு மேசையில் அமர்ந்த கதையைச் சொல்வார், முத்தாய்ப்பாகக் குரலை உயர்த்திக் 'கட்டுமரம்' என்பார். அரங்கம் கைதட்டும். நம் குமரி மாவட்டத்தில் அந்தக் கைதட்டல் சற்றுக் கூடுதலாகவே ஒலிக்கும். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நீண்டு கிடக்கும் நம் கடற்கரை கட்டுமரத்தில் பிறந்து கட்டுமரத்தில் வளர்ந்த கரை அன்றோ?

எதற்காகக் கைதட்டுகிறோம் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? ஆங்கில அகராதியில் ஒரு தமிழ்ச்சொல் இருப்பது உண்மை. அங்கே அது என்ன பொருளில் இருக்கிறது, யாரைக் குறிக்கிறது, அதைப் படைத்தவர்களுக்கு அதனால் என்ன மதிப்புக் கிடைத்தது என்ற கேள்விகளை நாம் எழுப்புவதில்லை. எழுப்பினால் கைதட்டிய கைகள் தாமாகவே இறங்கிவிடும்.

ஒரு சொல்லின் பயணம்

ஆங்கிலக் கடலோடியான வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் உலகப் பயண நூலில், சோழமண்டலக் கரையில் மக்கள் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிக் கடலில் செல்வதைக் குறிப்பிட்டு, அதற்கு அவர்கள் வழங்கிய பெயரையும் எழுதிவைத்தார். 'கட்டுமரம்' அவர் செவியில் 'கேட்டமரான்' என விழுந்தது. வேற்றுமொழிக்காரர் நாவில் ஓசை திரிவது இயல்பு; அதில் குறை காண ஏதுமில்லை. அவர் எழுதியபோது பொருள் மாறவில்லை. கட்டப்பட்ட மரங்களையே அவர் அப்பெயரால் குறித்தார்.

சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன்பு, கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அலை சீறும் காலங்களில் ஐரோப்பியரின் படகுகள் கரையேற அஞ்சின. அப்போது கடிதங்களைப் பனையோலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு, அலையைக் கிழித்துக் கப்பலுக்கும் கரைக்குமாகச் சென்றுவந்தவர்கள் கட்டுமரக்காரர்கள். ஒரு வணிகப் பேரரசின் அஞ்சல் நம் மீனவர் தலைமேல் போய்வந்தது. ஆயினும் அவர்களில் ஒருவரது பெயரையேனும் நம்மால் சொல்ல முடியுமா? கட்டுமரம் என்ற பெயர் வரலாற்றில் ஏறிவிட்டது. அதில் ஏறியவன் பெயர் ஏறவில்லை.

அதன்பின் அச்சொல்லுக்கு நேர்ந்தவை விந்தையானவை. 1804-ஆம் ஆண்டு அக்டோபரில், நெப்போலியனின் படகுகள் திரண்டிருந்த பிரான்சின் புலோன் துறைமுகத்தை ஆங்கிலேயக் கடற்படை தாக்கியது. அதற்கென இராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் வகுத்துக் கொடுத்த, வெடிமருந்து நிரப்பி மிதக்கவிடப்பட்ட கருவிகளுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கேட்டமரான்'. மீன்பிடித்து வயிறு வளர்த்த மரம் ஆள்கொல்லும் வெடியாயிற்று. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கதைகளில் இதே சொல் சண்டைக்காரக் கிழவியைக் குறிக்கும் வசையாகவும் வழங்கியது. சொல்லின் தொடக்கத்தில் அவர்கள் காதுக்குப் 'பூனை' கேட்டது. சீறும் பூனையிலிருந்து சீறும் பெண்ணுக்குத் தாவினார்கள் போலும்.

1876-இல் அமெரிக்காவின் நத்தானியேல் ஹெரஷாஃப், இரண்டு மெல்லிய உடல்களை இணைத்த 'அமரில்லிஸ்' என்னும் பாய்ப்படகைச் செய்து நியூயார்க் அருகே பந்தயத்தில் ஓட்டினார். அது மற்றப் படகுகளையெல்லாம் பின்னே தள்ளியது. தோற்றவர்கள் முறையிட, போட்டிக்குத் தகுதியற்றதென அது ஒதுக்கப்பட்டது. அவ்வகைப் படகுகளுக்கே இன்று உலகமெங்கும் 'கேட்டமரான்' என்று பெயர். செல்வந்தரின் உல்லாசப் படகும், விரைவுப் பயணக் கப்பலும், 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தில் பறந்த படகும் எல்லாம் கேட்டமரானே. அவற்றில் கட்டப்பட்ட மரம் ஒன்றுகூட இல்லை. இரட்டை உடல் அமைப்பும் நம்முடையதன்று; பசிபிக் தீவுகளின் பாலினேசிய மக்கள் பன்னெடுங்காலமாகப் போற்றி வளர்த்த கலை அது. அவர்களது படகுக்கு நம் பெயரை ஒட்டினார்கள். நம் மரத்தை மறந்தார்கள். இரு மக்களுக்கும் இழைக்கப்பட்ட தவறு இது.

அறுந்த கட்டு

இன்னும் கேளுங்கள். 20-ஆம் நூற்றாண்டில் மூன்று உடல் கொண்ட படகு ஒன்று தோன்றியபோது அதற்கு 'டிரைமரான்' என்று பெயரிட்டார்கள். 'மரான்' என்றால் படகின் உடல் என்றும், அதற்கு முன்னால் வருவது எண்ணிக்கை என்றும் எண்ணிக்கொண்டார்கள் போலும். 'மரம்' அவர்களிடம் எப்படியோ சிதைந்த வடிவில் தப்பிப் பிழைத்தது. 'கட்டு' முற்றிலும் அறுந்துபோயிற்று.

அந்தக் கட்டில்தான் எல்லாம் இருந்தது. மிதக்கும் மரம் எந்த ஆற்றிலும் உண்டு. அது யாருடைய அறிவும் அன்று. எந்த மரத்தை நடுவில் வைப்பது, எதை ஓரத்தில் வைப்பது, அணியத்தை எப்படி உயர்த்துவது, கயிற்றை எங்கே இறுக்கி எங்கே நெகிழவிடுவது என்பதே அறிவு. ஆணியில்லாமல் கயிற்றால் பிணைத்த மரங்கள் அலையின் மேல் சற்றே அசைந்து கொடுக்கும், உடையாது. உட்குழிவு இல்லாததால் நீர் தேங்காது. மரங்களின் இடைவெளி வழியே வந்த வழியே போய்விடும். இறைக்க வேண்டியதில்லை, மூழ்குவதில்லை. கவிழ்ந்தாலும் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். துறைமுகம் தேவையில்லை, அலையடிக்கும் வெறுங்கரையே போதும். கரையேறியதும் கட்டவிழ்த்து மரங்களை மணலில் காயவைத்து மறுநாள் மீண்டும் கட்டலாம். கருவியறியாத எளியவரின் முரட்டு வேலை என்று நகைத்தவர்கள் உண்டு. நம் கரையின் அலையையும், மணலையும், வறுமையையும் ஒருசேரக் கணக்கிட்டு விடைகண்ட தொழில்நுட்பம் அது.

ஆங்கிலேயன் கட்டை விட்டுவிட்டு மரத்தை எடுத்துக்கொண்டான் என்று அவன்மேல் பழிபோடுவது எளிது. நாம் செய்வது என்ன? இன்று நம் செய்தித்தாள்களிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் இரட்டையுடல் படகைத் தமிழில் எழுதும்போது 'கேட்டமரான்' என்று எழுதுகிறோம். தாய்வீட்டுப் பெண் அந்நிய உடையில் திரும்பிவர, அவளை அடையாளம் தெரியாமல் விருந்தாளியென வரவேற்கிறோம்! வேறு சிலர் தமிழ்ப்பற்று மிகுந்து அதே படகைக் 'கட்டுமரம்' என்று எழுதுகிறார்கள். இது அதைவிடக் கேடு. கண்ணாடியிழையாலான உல்லாசப் படகைக் கட்டுமரம் என்று எழுதிவிட்டால், நாளை நம் பேரப்பிள்ளைக்கு உண்மையான கட்டுமரத்தைச் சொல்ல எந்தச் சொல் மிஞ்சும்? இரட்டையுடல் படகை 'இரட்டைப் படகு' என்று சொன்னால் யாருக்கு விளங்காது?

பட்டியலில் விடுபடும் சொல்

மேடைப் பட்டியலில் ஒரு சொல்லை மட்டும் யாரும் உரக்கச் சொல்வதில்லை. 'பறையர்' என்ற மக்களின் பெயரும் ஆங்கிலத்தில் ஏறியிருக்கிறது. பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய அப்பெயர், அங்கே ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்ற பொதுப்பொருளில் வழங்குகிறது. உலக நாடுகள் வெறுத்தொதுக்கும் அரசை இன்றைக்கும் ஆங்கில ஏடுகள் அப்பெயரால் குறிக்கின்றன. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவென்று பிறர் எறிந்த சொல்லை எடுத்து நெற்றியில் அணிந்துகொண்ட துணிவு அது. ஆங்கில அகராதி அந்தத் துணிவைப் பதிவு செய்யவில்லை. இழிவை மட்டும் பதிவு செய்தது. அந்த இழிவும் இங்கிலாந்தில் விளைந்ததன்று. நாம் இங்கே விளைத்ததை அவர்கள் ஏற்றிச் சென்றார்கள்.

ஆகவே, அயல்மொழியில் நம் சொல் இருப்பது தன்னளவில் பெருமையுமில்லை, சிறுமையுமில்லை. இங்கே அந்தச் சொல்லுக்குரிய மக்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதே வினா. கட்டுமரத்தின் புகழை மேடையில் முழங்கிவிட்டு, இறங்கிவந்ததும் கடற்கரை மக்களின் குலப்பெயரை வசையாக வீசுவோர் நம் மாவட்டத்தில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? உரத்த குரலில் பேசுபவனைக் கண்டால், பேருந்தில் ஏறும் மீன்கூடையைக் கண்டால், என்ன சொல் நாவில் வருகிறது? அவர்களோடு ஒரே பீடத்தின்முன் முழந்தாளிடும் நாமும் இதற்கு விலக்கானவர்களா? தாழ்த்தப்பட்டோரோடு வேற்றுமையின்றிப் பழகியவரும், 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் உயிர் நீத்தவருமான மறைசாட்சி தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பின்னொட்டு நீக்கப்பட்டது. ஒரு சொல்லை நீக்குவதும் விசுவாச அறிக்கையாகலாம் என்பதை நம் மண்ணின் புனிதர் வழியாகவே திருச்சபை காட்டிவிட்டது.

புயலுக்குப் பொருள் சொன்னோம்

2017 நவம்பர் 30 அன்று நம் கரையோரம் கடந்துசென்ற ஒக்கிப் புயலை எந்தக் குடும்பம் மறக்கும்? ஆழ்கடலுக்குச் சென்றிருந்த நம் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அந்த நாள்களில் ஏடுகள் ஒரு செய்தியைத் தவறாமல் சொல்லின: 'ஒக்கி' என்பது வங்கதேசம் சூட்டிய பெயர், வங்காள மொழியில் அதற்குக் 'கண்' என்று பொருள். நல்லது. அறிந்துகொண்டோம். ஆனால் அந்தப் புயலைச் சந்தித்தவர்கள் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களை எந்த ஏடு கேட்டது? வடக்கிலிருந்து வீசுவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து வருவது சோழகம். கடலின் நீரோட்டம் நீவாடு. கரையிலுள்ள மலைமுகட்டையும் கோவில் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர்பிடித்து, கடலுக்கடியில் மறைந்திருக்கும் பாரின் இடத்தை அறிவது கணிச்சம். இவை வெறும் சொற்களல்ல. ஒவ்வொன்றும் உயிர்காத்த அறிவு.

காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றும், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றும் எச்சரிக்கை வருகிறது. அறிவியலைக் குறைகூறவில்லை, அது வேண்டும், இன்னும் விரைவாக வேண்டும், ஆழ்கடலிலுள்ள படகின் செவிக்கும் எட்டவேண்டும். ஆனால் எச்சரிக்கை என்பது கேட்பவனுக்காகச் சொல்லப்படுவது. சொல்பவனுக்கு மட்டும் விளங்கினால் அதற்கு எச்சரிக்கை என்று பெயரில்லை. எந்தக் காற்று எந்தக் காற்றாக மாறும், நீவாடு எப்பக்கம் இழுக்கும் என்று கடலோடியின் மொழியில் ஒரு வரி சேர்ப்பதால் அறிவியலின் மதிப்பு எள்ளளவும் குறைந்துவிடாது. தன் மொழியை யாரும் பொருட்படுத்தவில்லை என்று உணர்ந்த மனிதன் பிறர் சொல்லையும் பொருட்படுத்தத் தயங்குவான். கரைக்கும் அலுவலகத்துக்கும் இடையேயுள்ள அந்த இடைவெளி உயிரைக் குடிக்கும் இடைவெளி.

மறுப்புக்கு மறுப்பு

'சொற்கள் பொருள் மாறுவது மொழியின் இயல்பு. இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்பார்கள். உண்மை, நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று தீமணத்தைக் குறிக்கவில்லையா? ஆங்கிலேயன் தன் அகராதியைத் திருத்தவேண்டும் என்று இக்கட்டுரை கேட்கவில்லை. அவன் மொழி, அவன் உரிமை. நம் வழக்கைத் திருத்தவேண்டும் என்றே கேட்கிறது. பொருள் தானாக மாறுவது வேறு. பொருளுக்குரியவர்களைப் பொருட்படுத்தாமையால் சொல் சாவது வேறு.

'மீனவர்களே கட்டுமரத்தைக் கைவிட்டுவிட்டார்களே!' என்பது அடுத்த மறுப்பு. கைவிட்டது மெய். 1980-களில் பெல்ஜியம் நாட்டு அருள்தந்தை பியர் ஜில்லே முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்களை உருவாக்கினார். வெளிப்பொறி இயந்திரம் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உதவி நிறுவனங்கள் கொணர்ந்த கண்ணாடியிழைப் படகுகள் கரையை நிறைத்தன. குளிரிலும் உப்பு நீரிலும் முழந்தாளிட்டுத் துடுப்பு வலித்த பாட்டை எவரும் திரும்ப விரும்பார், விரும்பவும் வேண்டாம். வலியைப் போற்றுவது பழமைப்பற்று அன்று, கொடுமை. ஆனால் உழுபொறி வந்தபின்னும் நாஞ்சில் நாட்டுப் பிள்ளை ஏரையும் கலப்பையையும் பாடநூலில் படிக்கிறதே! வயலின் சொல்லுக்குக் கிடைத்த நாற்காலி கடலின் சொல்லுக்கு ஏன் கிடைக்கவில்லை? சங்கப் புலவர் நெய்தலைப் பாடினர். திமிலையும் அம்பியையும் நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அதே கரையில் நேற்றுவரை வாழ்ந்த அணியத்தையும் நீவாட்டையும் 'கொச்சை' என்று ஒதுக்கினோம். ஈராயிரம் ஆண்டு கடந்தால்தான் மீனவன் பேச்சு இலக்கியமாகுமோ?

'பேச்சுமொழியைப் பிள்ளைகளுக்குப் புகட்டினால் அவர்கள் முன்னேறுவது எப்படி?' என்று கவலைப்படும் பெற்றோரும் உண்டு. அவர்கள் கவலை புறக்கணிக்கத் தக்கதன்று. வகுப்பறையில் பேச்சுக்காக எள்ளப்பட்டவர்கள் அவர்கள். பிள்ளை ஆங்கிலம் கற்கட்டும், நல்ல தமிழும் கற்கட்டும். தந்தையின் தொழிற்சொல்லை அறிந்திருப்பது இரண்டுக்கும் தடையன்று. ஜோ டி குருஸ் 2004-இல் 'ஆழி சூழ் உலகு' நாவலைக் கடற்கரையின் மொழியிலேயே எழுதினார். பின்னர் 'கொற்கை' நாவலுக்கு 2013-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றார். நம் மாவட்டத்தின் வறீதையா கான்ஸ்தந்தின் கடற்கரை வாழ்வை நூல் நூலாகப் பதிவு செய்துவருகிறார். கரையின் மொழி தாழ்வுக்குக் காரணம் என்போருக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

நம் கடன்

இது தமிழறிஞர் வேலை, நமக்கென்ன என்று ஒதுங்க முடியாது. தமிழில் அகராதிக் கலைக்கும் அச்சுக் கலைக்கும் கடற்கரைத் திருச்சபையோடுள்ள உறவு வேறு எவருக்கும் வாய்க்காதது. புனித சவேரியார் 1544-இல் தம் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றில், விசுவாசப் பிரமாணத்தின் மொழிபெயர்ப்பில் 'எனக்கு வேண்டும்' என்ற பொருள்படும் சொல் இருப்பதைச் சுட்டி, அதை நீக்கி 'விசுவசிக்கிறேன்' என்ற பொருள்தரும் சொல்லை இடச் சொன்னார். அதே ஆண்டின் இறுதியில் அவர் நம் கரையில் ஆயிரமாயிரம் மீனவர்க்குத் திருமுழுக்களித்தார். ஒரு சொல் பிழைத்தால் எளிய மக்களின் செபமே பிழைக்கும் என்று அவர் அறிந்திருந்தார். அவருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' கடற்கரை மக்களுக்கு மறைக்கல்வி புகட்டவே எழுந்தது. தமிழ் எழுத்து இம்மண்ணில் அச்சேறியது மீனவனின் செபத்துக்காக! புரோயன்சா அடிகளாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தந்தார்.

அயல்நாட்டார் கப்பலேறி வந்து நம் சொற்களைக் கேட்டார்கள், எழுதினார்கள், அச்சிட்டார்கள். உள்நாட்டார் நாம் பங்கிலிருந்து பங்குக்கு நடந்துசென்று கேட்கவும் சோம்பலுறுகிறோம். ஆண்டவர் தம் முதற்சீடர்களை வலையோடும் படகோடும் அழைத்தார். நாமோ கடற்கரைப் பங்குகளிலும் மறையுரைக்கு ஆட்டையும் திராட்சைக் கொடியையும் தேடிப் போகிறோம். கச்சான் காற்றில் பாய்மடக்கத் தெரிந்தவனுக்கு, கெனசரேத்து ஏரியின் புயலை விளக்க எத்தனை சொற்கள் அருகிலேயே கிடக்கின்றன!

செய்ய வேண்டியவை எளியவை. நம் கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களின் கடற்கரைப் பங்குகள் ஒவ்வொன்றிலும் அன்பியங்கள் ஒரு குறிப்பேட்டை எடுக்கட்டும். முதியோர் வாயிலிருந்து காற்று, நீரோட்டம், மீன், வலை, மரம், பார் ஆகியவற்றின் பெயர்களைப் பொருளோடு இளைஞர் எழுதட்டும். மரத்தைக் கட்டத் தெரிந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன. கயிறு எங்கே எப்படி விழுகிறது என்பதைப் படமாகப் பதியட்டும். கத்தோலிக்கப் பள்ளிகள் அந்தக் குறிப்பேட்டிலிருந்து ஆண்டுக்குச் சில சொற்களையேனும் வகுப்பறைக்குக் கொண்டுவரட்டும். கடலோடியின் சொற்களை எச்சரிக்கையில் சேர்க்குமாறு மறைமாவட்ட மீனவர் பணிக்குழுக்கள் அரசை வலியுறுத்தட்டும். எழுதுவோரும் அறிவிப்போரும் கட்டுமரம் என்ற சொல்லைக் கட்டப்பட்ட மரத்துக்கே வைத்துக்கொள்ளட்டும்.

இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை. காலம்தான் குறைவாக உள்ளது. கட்டுமரம் செலுத்திய தலைமுறை நம் கண்முன் மறைந்துகொண்டிருக்கிறது. ஒவ்வோர் அடக்கத்தோடும் சில சொற்கள் கல்லறைக்குள் இறங்குகின்றன. ஆங்கில அகராதியில் நம் மரம் பத்திரமாக இருக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கட்டு நம்மிடம் இருக்கிறதா என்பதே கேள்வி. அது மரத்தோடு மரத்தைப் பிணைத்த கயிறு மட்டுமன்று. கடற்கரையையும் உள்நாட்டையும், முதியவரையும் பிள்ளையையும், பீடத்தையும் மக்களையும் பிணைக்க வேண்டிய கயிறும் அதுவே. அதை அவிழவிட்டுவிட்டு மேடையேறிக் கைதட்டுவோமானால், தனித்தனி மரங்களாக அலையில் சிதறுவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.